12 அடி அலுமினிய போட்டுக்கு மாற்று எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் 'டின்னி' என்று கூப்பிடும் சின்ன அலுமினிய போட் என் நண்பர் வட்டத்திலேயே ஆறேழு பேரிடம் இருக்கிறது. எல்லாம் மூன்றரை, நான்கு மீட்டர் போட்டுகள். பலரிடம் கைமாறி வந்தவை. பின்னால் தொங்குவது இருபது வருடத்துக்கு மேல் உழைத்த 15 எச்பி எஞ்சின். ஒருநாள் அது நின்றுவிடும், உடனே எனக்கு ஃபோன் வரும். சிட்னியில் பதினைந்து வருடமாக என் போட்டுக்கும் நண்பர்கள் போட்டுக்கும் எஞ்சின் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கேட்பதை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். எஞ்சின் கடைக்குப் போவதற்கு முன் போட்டில் எஞ்சின் மாட்டும் பின்பலகையைப் பாருங்கள் என்பதுதான் இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது.

பழைய 2-ஸ்ட்ரோக் எஞ்சின் போய்விட்டது. அதே மாதிரி புதியது வாங்க முடியுமா?

முடியாது. ஆஸ்திரேலியாவில் புகை அளவுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அந்த அளவுக்குள் வராத அவுட்போர்டுகளை, அதாவது போட்டின் பின்னால் தொங்கவிடும் எஞ்சின்களை, 2018 ஜூலை 1 முதல் இறக்குமதி செய்யக் கூடாது, 2019 ஜூலை 1 முதல் புதிதாக விற்கவும் கூடாது. எண்ணெயைப் பெட்ரோலோடு சேர்த்து எரிக்கும், கார்புரேட்டர் வைத்த சாதாரண 2-ஸ்ட்ரோக் அதோடு கடைகளிலிருந்து போய்விட்டது. ஏற்கெனவே வைத்திருப்பதை ஓட்டலாம், பழையதை வாங்கலாம், விற்கலாம். புதிதாக வாங்குகிறவருக்கு இந்தச் சின்ன அளவில் 4-ஸ்ட்ரோக்தான்.

2-ஸ்ட்ரோக் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. தூக்கிச் செல்ல லேசு, கழற்றிப் பார்க்க எளிது. ஆனால் ஆற்றின் மேல் எண்ணெய்ப் படலம் விரிவதைப் பார்த்தவர்கள் இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

முன்பு இருந்ததும் 15 எச்பி, வாங்கப்போவதும் 15 எச்பி. அப்படியே மாட்ட வேண்டியதுதானே?

அதிகம் பேர் தவறு செய்வது இங்கேதான். நானும் செய்திருக்கிறேன்.

சக்தி ஒன்றாக இருக்கலாம், எடை ஒன்றில்லை. பழைய 15 எச்பி 2-ஸ்ட்ரோக் பெரும்பாலும் 35 முதல் 40 கிலோ. இன்றைய 4-ஸ்ட்ரோக் 15 எச்பி, மாடலைப் பொறுத்து, சுமார் 43 கிலோவிலிருந்து 52 கிலோ வரை வருகிறது. பத்துப் பதினைந்து கிலோ பெரிய விஷயமா என்று தோன்றும். அது விழும் இடத்தைப் பாருங்கள்: போட்டின் கடைசி நுனி, அதற்கும் வெளியே தொங்கிக்கொண்டு. நடுவில் உட்காரும் ஆளின் எடை போட் முழுக்கப் பரவும். பின்பலகையில் தொங்கும் எடை பின்பக்கத்தை மட்டும் அமிழ்த்தும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் 12 அடி போட்டில் 36 கிலோ எஞ்சினைக் கழற்றிவிட்டு 52 கிலோ எஞ்சினை மாட்டினேன். பட்டன் ஸ்டார்ட் வேண்டும் என்றார், அதற்காகப் பதினைந்து கிலோ பேட்டரி ஒன்றைப் பின் மூலையில் வைத்தோம். ஆக, 31 கிலோ கூடுதல். பத்து வயதுப் பையன் ஒருவனை எந்நேரமும் பின்பலகையில் உட்காரவைத்த மாதிரி. ஹாக்ஸ்பரி ஆற்றில் புரூக்ளின் பக்கம் மூன்று பேர் போனோம். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, மீன் கூட்டம் தெரிகிறது என்று நண்பர் சட்டென்று த்ராட்டிலை மூடினார். போட் நின்றது, அது கிளப்பிய அலை நிற்கவில்லை. பின்னாலிருந்து வந்து எஞ்சின் மாட்டும் பள்ளத்தைத் தாண்டி உள்ளே இறங்கியது. ஒரே அலையில் கணுக்கால் வரை தண்ணீர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் மெல்ல முன்னே நகர்ந்தோம், வாளியும் கையில் இருந்தது, கரை சேர்ந்தோம். அடுத்த வாரமே பேட்டரியை முன் இருக்கைக்குக் கீழே மாற்றினேன். வாங்கும் முன்பே கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு அது.

ஆகவே விலைப்பட்டியலில் எச்பிக்கு முன்னால் எடையைப் பாருங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடலே போதுமென்றால் பேட்டரியின் எடை முழுக்க மிச்சம். 25 லிட்டர் டேங்க் நிரம்பினால் பெட்ரோல் மட்டும் 18, 19 கிலோ. அதை நடு இருக்கைக்கு முன்னால் தள்ளுங்கள். மாட்டி முடித்ததும் ஆழமில்லாத, அலையில்லாத இடத்தில் இரண்டு பேரைப் பின்னால் உட்காரவைத்து, பின்பலகைப் பள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சாணுக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு.

எத்தனை எச்பி வரை போடலாம்?

போட்டின் உட்பக்கத்தில், பெரும்பாலும் பின்பலகை அருகே, ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். பில்டர்ஸ் பிளேட் என்பார்கள். எத்தனை பேர், எவ்வளவு சுமை, எஞ்சின் சக்தி எவ்வளவு வரை, எஞ்சின் எடை எவ்வளவு வரை என்று அதில் போட்டிருக்கும். சக்தி கிலோவாட்டில் இருக்கும்: 15 எச்பி என்றால் 11.2, 20 எச்பி என்றால் 14.9. சக்தி, எடை இரண்டு வரம்புக்குள்ளும் எஞ்சின் அடங்க வேண்டும்.

பல கம்பெனிகளில் 9.9, 15, 20 மூன்றும் ஒரே பிளாக்கில் செய்தவை, எடையும் ஏறக்குறைய ஒன்று. 'எடை ஒன்றுதானே, 20 ஆகவே எடுத்துவிடுங்கள்' என்று கடையில் சொல்லக்கூடும். தகட்டில் 11.2 என்று போட்டிருந்தால் எடுக்காதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் படிப்பது அந்தத் தகட்டைத்தான்.

2006-க்கு முந்தைய போட் என்றால் இந்தத் தகடு இல்லாமல் இருக்கலாம். அப்போது அந்த மாடலைச் செய்த கம்பெனியிடம் நீளமும் வருடமும் சொல்லிக் கேளுங்கள். கம்பெனியே இல்லையென்றால், இதுவரை மாட்டியிருந்த எஞ்சினின் சக்தியைத் தாண்டாதீர்கள்.

ஷார்ட் ஷாஃப்ட், லாங் ஷாஃப்ட்: எனக்கு எது?

அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய எஞ்சினில் என்ன இருந்தது என்பதை நம்ப வேண்டாம். முன்னே வைத்திருந்தவர் தவறான அளவை மாட்டி ஓட்டிய போட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து, நடுக்கோட்டில், அடித்தகட்டின் கீழ் மட்டம் வரை டேப் பிடியுங்கள். 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர் சுற்றி வந்தால் ஷார்ட். 20 அங்குலம், 508 மில்லிமீட்டர் என்றால் லாங். 12 அடி டின்னிகளில் பழையவை பெரும்பாலும் ஷார்ட்.

17, 18 அங்குலம் என்று இரண்டுக்கும் நடுவில் வந்தால் அவசரப்படாதீர்கள். யாரோ எப்போதோ பலகையை வெட்டியிருக்கலாம் அல்லது மேலே துண்டு வைத்து உயர்த்தியிருக்கலாம். அதை முதலில் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

பின்பலகை நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிரான்சம் என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தப் பின்பலகை அலுமினியத் தகடுதான். எஞ்சின் கவ்வும் இடத்தில் மட்டும் தகட்டோடு சேர்த்து பிளைவுட் வைத்திருப்பார்கள். போட்டில் முக்கியமாக உளுத்துப்போகும் பாகம் அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளக்கும்.

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் 'டொக் டொக்' என்று கெட்டியாகப் பேசும். ஈரம் குடித்த மரம் 'தொம்' என்று அமுங்கிச் சொல்லும். அப்படிச் சொல்லும் இடத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். துளையிலிருந்து பழுப்பு நீர் ஒழுகினாலோ, ஊறிய ரஸ்க் மாதிரி மரத்தூள் வந்தாலோ புதுப் பலகை போடாமல் புது எஞ்சினைத் தொடாதீர்கள். இன்னொரு சோதனை: பழைய எஞ்சின் இன்னும் தொங்குகிறது என்றால் அதன் காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். போட் மொத்தமாக ஆடினால் நல்லது. பலகை மட்டும் தனியாக வளைந்து கொடுத்தால் உள்ளே பிடிமானம் போய்விட்டது. பின்பலகையைத் தரையோடு இணைக்கும் முட்டுத் தகட்டின் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங்கில் முடி மாதிரி விரிசல் இருந்தால் அலுமினியம் வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

பலகையை நானே மாற்றலாமா? எந்த பிளைவுட்?

மாற்றலாம், ஒரு வார இறுதி வேலை. ஆனால் பூச்சி அரிக்காத, மழைக்குத் தாங்கும் என்று ஹார்ட்வேர் கடையில் விற்கும் பச்சை நிற டிரீட்டட் பிளைவுட்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் ஏற்றியிருக்கும் மருந்தில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் செம்பு அலுமினியத்தைத் தின்னும். மரம் உளுக்காமல் நிற்கும், போட்டில் ஓட்டை விழும். அப்படி ஒரு பலகையைப் பிரித்தபோது, அதன் பின்னால் இருந்த தகட்டில் வெள்ளைத் தூள் பூத்து, அதைத் துடைத்தால் கடுகு போட்ட மாதிரி குழிகள் தெரிந்தன. ஒரு குழி வழியாக வெளிச்சமே வந்தது.

ஏஎஸ்/என்இசட்எஸ் 2272 முத்திரை குத்திய மரைன் பிளைவுட்டை வாங்குங்கள். மரைன் என்று பெயர் இருந்தாலும் அதுவும் உளுக்கும். பசைதான் தண்ணீருக்குத் தாங்கும், மரம் தாங்காது. பழைய பலகையை அச்சாக வைத்து வெட்டி, எல்லா விளிம்புகளிலும் எபாக்சி மூன்று பூச்சு கொடுங்கள். போல்ட் துளைகளை இரண்டு சுற்றுப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எபாக்சியால் அடைத்து, காய்ந்தபின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இப்படிச் செய்தால் போல்ட்டைச் சுற்றி மரமே வெளியே தெரியாது, தண்ணீர் உள்ளே போக வழியிருக்காது. அலுப்பான வேலைதான், ஆனால் பலகையின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

எஞ்சினை மாட்டுவது எப்படி?

இரண்டு பேர் வேண்டும். 50 கிலோவைத் தனியாகத் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 4-ஸ்ட்ரோக்கைக் காரில் படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் கீழே என்று எஞ்சினிலோ மேனுவலிலோ போட்டிருக்கும். மாற்றிப் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும்.

பலகையின் மையத்தை அளந்து பென்சிலால் கோடு போடுங்கள். எஞ்சினை அதன்மேல் வைத்து இரண்டு கிளாம்ப் திருகுகளையும் கையால் மாறி மாறி இறுக்குங்கள். திருகு பலகையில் புதையாமல் இருக்க உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பேட் வையுங்கள். 15 எச்பிக்குக் கிளாம்ப் மட்டும் போதாது. பிராக்கெட்டில் இருக்கும் துளைகள் வழியாக 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், அகல வாஷர், நைலாக் நட் போட வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும், தேய்வது அலுமினியம். எனவே போல்ட்டின் உடம்பிலும் வாஷருக்குக் கீழும் டூராலாக் அல்லது டெஃப்-ஜெல் போன்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவுங்கள். துளையை மரைன் பாலியூரித்தேன் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். குளியலறைக்கு வாங்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் இங்கே வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் அலுமினியத்துக்கு ஆகாது.

உயரம் சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரியும்?

ப்ரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக இருக்கும் கேவிட்டேஷன் பிளேட், போட்டின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓரங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும். நீளமான ஒரு நேர்க்கட்டையை அடியில் ஒட்டிப் பின்னால் நீட்டினால் தெரிந்துவிடும். மேலே இருந்தால் திருப்பும்போது ப்ரொப்பெல்லர் காற்றை இழுத்து எஞ்சின் அலறும், போட் நகராது. ரொம்பக் கீழே இருந்தால் தண்ணீர் சிதறும், பெட்ரோல் வீணாகும். அரை அங்குலம் உயர்த்த வேண்டுமென்றால் பலகையின் மேல் அலுமினியப் பட்டை வைத்தால் போதும்.

ஓடும்போது போட்டின் முன்முனையான அணியம் குதிரை மாதிரி எழும்பி எழும்பி விழுந்தால் எஞ்சினின் சாய்வை நிர்ணயிக்கும் டில்ட் பின்னை ஒரு துளை உள்ளே மாற்றிப் பாருங்கள்.

செகண்ட்ஹேண்ட் எஞ்சின் வாங்கலாமா?

நான் வாங்கியிருக்கிறேன். சூடாகாத எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். நீங்கள் போகும்போதே தொட்டால் சுடுகிறது என்றால், காலையில் அது எப்படி ஸ்டார்ட் ஆனது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று, பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். கீழே கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள்: பால் காபி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீரியல் நம்பர் தகடு சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய பெட்ரோல் டேங்கும் ஹோஸும் போதாதா?

டேங்க் போதும், உள்ளே சுத்தமாக இருந்தால். ஹோஸ் முனையில் இருக்கும் கனெக்டர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யமஹா முனை மெர்க்குரியில் நுழையாது. ஹோஸ் வெடித்தோ விறைத்தோ இருந்தால் புதியது போடுங்கள். கையால் அமுக்கும் ரப்பர் பல்பில் இருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த E10 பெட்ரோலை நான் போடுவதில்லை. மேனுவல் அனுமதித்தாலும், மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் போட்டில் அதிலிருக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரிந்து நிற்கும்.

ப்ரொப்பெல்லர் எஞ்சினோடு வருவதே சரியா?

முதலில் அதையே மாட்டி, நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையோடு முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். மேனுவலில் ஒரு வரம்பு இருக்கும், 5,000 முதல் 6,000 என்பது மாதிரி. எட்டவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் முன்னேறும் கணக்குத் தூரம்) ஓரங்குலம் குறைந்த ப்ரொப்பெல்லரை மாட்டுங்கள், தாண்டினால் ஓரங்குலம் கூடியதை. ஓரங்குலத்துக்கு 150, 200 ஆர்பிஎம் மாறும்.

ஊரில் ஃபைபர் போட்டுக்கு எஞ்சின் மாட்டிய அனுபவம் இருக்கிறது. இங்கேயும் அதே முறைதானே?

கை பழகியிருக்கும், அது பெரிய பலம். மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டைக் கரையில் உட்கார்ந்து பிரித்து மாட்டியவருக்கு இது சுலபம். ஆனால் ஃபைபரிடம் செல்லும் சில பழக்கங்கள் அலுமினியத்திடம் செல்லாது. பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட் இங்கே கூடவே கூடாது. விளக்குக்கோ மீன் காட்டும் கருவிக்கோ கரன்ட் கொடுக்கும்போது நெகட்டிவ் வயரைப் போட்டின் உடம்பில் கட்டிவிடக் கூடாது, தனி வயராகப் பேட்டரிக்கே கொண்டுபோக வேண்டும். அடியில் விழுந்த ஈயக் குண்டு, பித்தளைக் கொக்கி, சில்லறைக் காசு எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் பொறுக்கி எடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கும் ஒரு டாலர் காசில் பெரும்பங்கு செம்புதான்.

பதிவு, லைசென்ஸ்?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ சவுத் வேல்ஸில் 4 கிலோவாட்டும் அதற்கு மேலும் சக்தியுள்ள எஞ்சின் இருந்தால் போட்டைப் பதிய வேண்டும். 10 நாட் (மணிக்கு சுமார் 18.5 கிலோமீட்டர்) அல்லது அதற்கு மேல் வேகத்தில் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். குயின்ஸ்லாந்தில் பதிவு 3 கிலோவாட்டிலிருந்து. எஞ்சினை மாற்றினால் பதிவில் இருக்கும் விவரத்தையும் இன்சூரன்ஸையும் மாற்றிவிடுங்கள்.

முதல் நாள் தண்ணீரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினின் பின்னாலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கில் ஸ்விட்சின் சுருள் கயிற்றை மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டி, ஒருமுறை இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று சோதியுங்கள். திருப்பும் கைப்பிடியான டில்லரைப் பிடித்து ஓட்டும்போது தண்ணீரில் விழுந்தால் போட் வட்டமடித்துத் திரும்பி உங்கள் மேலேயே வரும், இந்தக் கயிறு ஒன்றுதான் அதை நிறுத்தும். முதல் பத்து மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முதல் ஆயில் மாற்றத்தை மேனுவல் சொன்ன மணி நேரத்தில் செய்யுங்கள்.

பத்து நிமிடம் ஓடியதும் கரையோரம் நிறுத்தி, கிளாம்ப் திருகுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் கால் சுற்றாவது தளர்ந்திருக்கும். பிறகு உள்பக்கம் குனிந்து ஒவ்வொரு நட்டுக்குக் கீழேயும் விரலால் தடவுங்கள். விரல் உலர்ந்து வந்தால் மீன் பிடிக்கப் போகலாம். ஈரம் பட்டால் அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, துளையைக் காயவிட்டு, சீலன்ட்டைப் புதிதாகப் போடுங்கள்.